நடுப்பகலில் ஊதிய சங்கு

ஆனையூரில் பெண்பிள்ளைகள் சங்கு ஊதி நான் பார்த்ததில்லை. அதனாலேயே ஊதியே தீர்வது என்று முடிவு கட்டினேன். அப்போது எனக்கு ஏழு வயது. மார்கழி பஜனைக்கென்று அப்பா ராமேஸ்வரத்திலிருந்து ஒரு வெண்சங்கு வாங்கிவந்து சாமி மாடத்தில் வைத்திருந்தார். பொம்பளைப் பிள்ளை ஊதினால் காற்றுத்தான் வரும் என்று அண்ணன் கேலி செய்தான். வாஸ்தவத்தில் திருட்டுத்தனமாக எத்தனை நாள் ஊதியும் காற்றுத்தான் வந்துகொண்டிருந்தது.

பெரியவர்களுக்கு வேறு கவலை. தையில் அக்காவுக்குக் கல்யாணம். அப்பாவின் அண்ணன், தெருக்கோடியில் இருந்த பெரியப்பா, வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் எங்களோடு பேச்சை நிறுத்தியிருந்தார். அவர் முன்னின்று நடத்தாத கல்யாணம் ஊர்வாயில் விழும் என்று அம்மா புலம்பினாள். அழைக்கப் போனவர்களிடம், அந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். போதாக்குறைக்கு அப்பா மலேரியாக் காய்ச்சலில் படுத்து, கொயினா மாத்திரை தின்று, அப்போதுதான் தேறிக்கொண்டிருந்தார்.

கார்த்திகையில் ஒரு நடுப்பகல். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா கிணற்றடியில் இருந்தாள். சங்கை எடுத்து, உதட்டை இறுக்கி, அடிவயிற்றிலிருந்து ஊதினேன். வந்துவிட்டது! வீடே அதிர்ந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. திரும்பத் திரும்ப ஊதினேன்.

தெருவே திரண்டது. பெண்கள் தலையை விரித்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் பக்கம் பஜனை இல்லாத நாளில் ஒரு வீட்டில் சங்கு ஊதினால், அங்கே சாவு விழுந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு அது உறைக்கவில்லை. கேட்க இவ்வளவு பேரா என்று இன்னும் பலமாக ஊதினேன்.

எல்லோருக்கும் முன்னால் பெரியப்பா ஓடிவந்தார். கையில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. “தம்பி, என்னைய விட்டுட்டுப் போயிட்டியேடா” என்று வாசற்படியில் விழுந்தார்.

அப்பா போர்வையோடு எழுந்துவந்து திகைத்து நின்றார். பிறகு, “வாங்கண்ணே, பாதிச் சோத்துலயா எந்திருச்சு வந்தீக?” என்றார். பெரியப்பா அந்தக் கையாலேயே அப்பாவின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டு, அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். மீதிச் சோற்றை எங்கள் வீட்டில்தான் தின்றார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே என் வாயில் வெல்லக்கட்டியைத் திணித்தாள். நன்றாக ஊதியதற்குப் பரிசு என்று நினைத்தேன். தையில் பெரியப்பாவே பந்தக்கால் நட்டுக் கல்யாணத்தை ஜாம்ஜாமென்று நடத்தியபோது, அதுவும் என் சங்கின் பெருமைதான் என்று அண்ணனிடம் மார்தட்டினேன்.

தம்பி செத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேதான் பெரியப்பா தெருக்கோடியிலிருந்து எங்கள் வாசல்வரை ஓடிவந்திருக்கிறார். அது எவ்வளவு நீளமான தெரு என்று எனக்கு அப்போது தெரியாது.