கம்பளி சுற்றிய ஜாடி

எண்பதுகளின் நடுவில், அமெரிக்காவில் ஐசலின் என்ற ஊரில் ஒரு வயதான ஜெர்மன்காரர் வீட்டு பேஸ்மென்டில் நானும் கணவரும் குடியிருந்தோம். மேலே அவர் மட்டும்தான். மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வருடாவருடம் அந்த அம்மாவின் நினைவு நாளுக்கு, தன் ஊர்ப் பழைய முறைப்படி பழுப்பு நிற பீர் தயாரிப்பார். இரண்டு கிளாஸில் ஊற்றி, ஒன்றை மனைவியின் காலி நாற்காலிக்கு முன்னால் வைப்பாராம். நம் படையல் மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பீர் நொதிக்கும் பெரிய கண்ணாடி ஜாடி எங்கள் அடுப்புக்கு எதிர் மூலையில், குளிரில் இருந்தது. அதன் வாயில் தண்ணீர் ஊற்றிய சின்னக் குழாய். உள்ளே இருந்து காற்று வெளியேறும்போதெல்லாம் 'குளுக்' என்று சத்தம் வரும். பகல் முழுக்கத் தனியாக இருக்கும் எனக்கு, யாரோ எச்சில் விழுங்குவது போல இருக்கும்.

அந்த வருடம் பீர் போட்ட மறுநாளே அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். போகும்போது ஜாடியைக் காட்டி, "டோன்ட் டச். மை வைஃப் இஸ் வெயிட்டிங்" என்றார். தலையாட்டினேன்.

இரண்டே நாளில் சத்தம் நின்றுவிட்டது.

"ஏங்க, அது மூச்சே விடல. ஒரு போன் பண்ணிக் கேளுங்களேன்."

"ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கிறவர்கிட்ட பீரைப் பத்தியா கேக்கறது? டச் பண்ணாதன்னார் இல்ல? சும்மா இரு."

இருக்க முடியவில்லை. அந்தக் குளிரில் இட்லி மாவு பொங்காது. பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி ஹீட்டர் பக்கத்தில் வைப்பேன். ஜாடிக்கும் அதையே செய்தேன். கம்பளி சுற்றி, கழுத்தில் புடவைக் கிழிசலால் கட்டி, ஹீட்டரை அருகில் இழுத்து வைத்தேன்.

மத்தியானம் சாப்பிடும்போது 'குளுக்' என்றது. சந்தோஷத்தில், "வந்துட்டியா?" என்று கேட்டுவிட்டேன்.

'குளுக்.'

பிசைந்த சோற்றிலேயே கை நின்றது. அதன் பிறகு அந்த மூலையில் நான் வாய் திறக்கவில்லை. மறுநாள் வீடு முழுக்க வாழைப்பழ வாசனை.

அந்த பீர் குளிரில் மெதுவாகத்தான் நொதிக்க வேண்டும், சூடு பட்டால் பழ வாசனை ஏறிக் கெட்டுவிடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நினைவு நாளன்று காலையில்தான் அவர் தடி ஊன்றித் திரும்பினார். கம்பளியைப் பார்த்தார். ஜாடியிலிருந்து கொஞ்சம் பீர் எடுத்து வாயில் வைத்தார். முகம் வெளுத்துப்போயிற்று.

"சாரி அங்கிள்..." என்று ஆரம்பித்த கணவரைக் கைகாட்டி நிறுத்திவிட்டு, மெதுவாக ஏதோ சொன்னார். கணவர் என் பக்கம் திரும்பி, "அந்தம்மாவும் இப்படித்தான் போர்த்துவாங்களாம். குளிரும்னு. வருஷா வருஷம் சண்டையாம். அவங்க கெடுத்த பீர்ல இதே வாசனைதான் வருமாம்" என்றார்.

மேலே கூப்பிட்டார். போனோம். இரண்டு கிளாஸில் ஊற்றினார். காலி நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டார். எப்படி மறுப்பது என்று தெரியாமல் உட்கார்ந்தேன். ஒரு கிளாஸை என் முன்னால் நகர்த்தி, என் கண்ணைப் பார்த்து ஒரு பெயரைச் சொன்னார். அந்த அம்மாவுக்கு இன்னும் வந்துகொண்டிருந்த தபால்களில் நான் பார்த்த பெயர்.

'நோ' என்றால் போதும். அது எனக்குத் தெரிந்த வார்த்தைதான்.

மறுபடியும் கூப்பிட்டார். தன் கிளாஸை என் பக்கம் உயர்த்திப் பிடித்தார்.

"ம்" என்றேன்.