மூன்றாவது வார்டில் யாரும் விழவில்லை

பத்தொன்பது வருடமாக அவளுக்கு ஒரே வேலைதான். படுத்திருப்பவர்களை எழுப்பி நடக்க வைப்பது. சம்பளப் பட்டியலில் அவள் 'வார்டு உதவியாளர்'. மூன்றாவது வார்டில் எல்லோருக்கும் 'நடைக்காரி'. ஆபரேஷன் முடிந்தவர், காய்ச்சலில் துவண்டவர், இனி அவ்வளவுதான் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டவர், யாராக இருந்தாலும் இடுப்பில் ஒரு கை, முழங்கைக்கு அடியில் ஒரு கை. குதிகால் தரையில் படுகிற சத்தத்தை வைத்தே, இவர் இன்றைக்குப் பத்தடி போவார், அவர் நாலடியில் உட்கார்ந்துவிடுவார் என்று சொல்லிவிடுவாள். டாக்டர்களே அவளை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் தேதியை எழுதுவார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்தால் என்ன, இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்த வருடம் அவள் பிழைப்பில் மண் விழுந்தது. முந்தைய வருடக் கடைசியில் ஒரு பெரியவர் கழிப்பறை வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியின் தரத்தைக் கவனிக்கவென்றே இருந்த தர அதிகாரி அன்று சாப்பிடவில்லை. நல்ல மனுஷர், பெரியவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வைத்தவரே அவர்தான். ஆனால் நல்ல மனுஷர்கள் மனம் நொந்தால் சுற்றறிக்கை விடுவார்கள். துணைக்கு இரண்டு உதவியாளர் இல்லாமல் எந்த நோயாளியும் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று விட்டார். வார்டுக்கு இருந்ததோ ஒரே ஒரு உதவியாளர். ஆக, யாரும் இறங்கவில்லை. இறங்காதவர் எங்கிருந்து விழுவார்?

வாசலில் பெரிய பலகை வைத்தார்கள்: 'நோயாளிகள் விழாத நாட்கள்'. காலையில் வந்ததும் அவரே தன் கையால் எண்ணை மாற்றுவார். வருடம் முழுக்க யாரும் விழாமலிருந்தால் ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் அது வரும், கேடயமும் வரும். நடைக்காரி பெட்பேன் எடுத்துக்கொண்டு அலைந்தாள். நடந்து வந்தவர்கள் சக்கர நாற்காலியில் வீட்டுக்குப் போனார்கள். போகிற வழியில் பலகையைப் பார்த்துப் பாராட்டிவிட்டும் போனார்கள்.

பலகை முந்நூற்று ஐம்பதைத் தொட்டபோது, அவள் கணவனின் அக்கா நுரையீரல் சளியோடு அதே வார்டில் வந்து சேர்ந்தார். ஓய்வுபெற்ற பி.டி. டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். விசிலும் கையுமாக ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் ஓடவிட்டவர். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டாவது மாடியில் தனியாக இருந்தார். மருந்தில் சளி இறங்கியது. படுத்தே கிடந்ததில் காலின் வலுவும் இறங்கியது. எட்டாம் நாள் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்: "மாடிப்படி ஏற முடியாதுன்னா தனியா விட முடியாது. தம்பி வீட்டுலதான் இருக்கணும்."

தம்பி வீடு என்றால் நடைக்காரியின் வீடு. இரண்டே அறை. நாத்தனாரும் அவளும் ஒரு வாரம் ஒரு கூரைக்கு அடியில் இருந்தால் என்ன நடக்கும் என்பது இருவருக்குமே தெரியும். அதைவிட, அந்த மனுஷி தன் வீட்டுச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்திருந்ததைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

மதியம், தர அதிகாரி மீட்டிங்கில் இருந்த நேரம். "அண்ணி, எழுந்திருங்க. யாரும் இல்ல."

முதல் மூன்றடி சரியாகப் போனது. நாலாவதில் முழங்கால் மடங்கிவிட்டது. நடைக்காரி பதறவில்லை, தன் தொடையில் சாய்த்து, மெதுவாக வழுக்கவிட்டுத் தரையில் உட்கார வைத்தாள். ஒரு சிராய்ப்புகூட இல்லை. ஆனால் சுற்றறிக்கைப்படி உடம்பு தரையைத் தொட்டால் அது விழுந்த கணக்கு.

"அண்ணி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. என் வேலை போயிடும்."

"தொட்டா தொட்டதுதான். அவுட்டை மறைக்கற பழக்கம் எனக்குக் கிடையாது" என்றார் அண்ணி, தரையில் உட்கார்ந்தபடியே. "வேலையெல்லாம் போகாது. போனா நான் வந்து பேசறேன்."

நர்ஸ் வந்ததும் முதல் வேலையாகச் சொல்லியும்விட்டார். நடைக்காரிக்கு வந்த கோபத்தில் அவரை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருப்பாள். தூக்க வேறு ஆள் இல்லை.

தர அதிகாரி ஓடிவந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க விழல. உட்கார்ந்தீங்க."

"முப்பத்தாறு வருஷம் பி.டி. டீச்சர் நான். உட்கார்றது எது, விழறது எதுன்னு எனக்கு நீங்க சொல்லித் தரீங்களா?"

வருடம் முடிய ஒரு வாரம் இருக்க, பலகையில் பூஜ்யம் ஏறியது. நடைக்காரிக்கு 'கவனக்குறைவு' என்று மெமோ வந்தது. மறுநாள் காலை தர அதிகாரி வார்டில் ஒரு ஸ்டூலில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். அவள் பக்கத்தில் போய் நின்றாள். "சார், இனிமேலாவது நடக்க வைக்கட்டுமா?"

"அதான் போச்சே. இந்த வருஷம் இனி யார் விழுந்தா என்ன? நடத்துங்க."

அந்த ஒரு வாரம் மூன்றாவது வார்டில் திருவிழாதான். கட்டில் கட்டிலாக இறங்கினார்கள். அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார், பின்னால் வந்தவர்களை "நிமிர்ந்து நட!" என்று அதட்டினார். ஒருவரும் விழவில்லை. ஏழாம் நாள் தன் கட்டடத்தில் இருபத்தெட்டுப் படிகளையும், நடுவில் இரண்டு தடவை நின்று, ஏறினார். கதவைத் திறந்ததும், வந்து காபி குடி என்றுகூடச் சொல்லவில்லை. "நீ கைப்பிடி நல்லாத்தான் பிடிக்கற" என்றார். அவர் வாயிலிருந்து அது வந்ததே பெரிது. நடைக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆண்டறிக்கை வந்தது. கடைசி வாரத்தில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பேர் குணமாகி வீடு திரும்பினார்களாம்; படுக்கைகளைத் திறம்பட நிர்வகித்த சாதனையாம். தர அதிகாரிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். புது வருடத்தோடு பலகையும் சுற்றறிக்கையும் திரும்பி வந்தன.

பன்னிரண்டாம் நாள், பதினோராவது கட்டிலில் இருந்த தையல்காரர் அவளைச் சைகை காட்டிக் கூப்பிட்டார். புது வருடம் பிறந்த பிறகு வந்து, பத்து நாளாகப் படுத்தே கிடப்பவர். நடந்த கதை அவர் காதுக்கும் எட்டியிருந்தது. குரலைத் தாழ்த்தி, ஏதோ உதவி செய்பவரைப் போலக் கேட்டார்:

"ஏம்மா, நான் வேணும்னா ஒரு தடவை விழட்டுமா?"

அவள் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கட்டிலின் பக்கக் கம்பியை இறக்கினாள்.

"விழறதெல்லாம் வேணாம் ஐயா. காலைக் கீழே வைங்க."