மதாம் எலீஸின் ஐந்தாம் அத்தியாயம்

மதாம் எலீஸ் காலமான செய்தியை மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். என் ஒரு கையில் மகனின் கஞ்சிக் கோப்பை. "ஐயோ, இப்பவா?" என்றுதான் வாயில் வந்தது. அவருடைய நாவலின் ஐந்தாம் அத்தியாயம் இன்னும் அச்சேறவில்லை.

பிளேஸ்டோவில் எங்கள் மேல்மாடியில் குடியிருந்த பிரெஞ்சு நாவலாசிரியர் அவர். போருக்கு எதிராகவே எழுதி, சொந்த நாட்டில் துரோகி என்று பெயர் வாங்கி, லண்டன் வந்தவர். பாரிஸில் அகதியாக இருந்தபோது நான் பிரெஞ்சு படித்ததை அறிந்த நாளிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. தன் நாவலைத் தமிழில் மொழிபெயர்க்க வைத்தார். மகன் உறங்கும் நேரம் பார்த்து இறங்கி வருவார். தமிழ் தெரியாது, ஆனாலும் என்னை உரக்க வாசிக்கச் சொல்லி, விரல்விட்டு வாக்கியங்களை எண்ணுவார். பிள்ளை எழும்பி அழும். "அழட்டும். அழ உயிரோடு இருக்கிறானே" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு தாய், மகனைப் படைக்கு அனுப்பாமல் தானியக் கிடங்கில் ஒளிக்கிறாள். என் மொழிபெயர்ப்பைத் தொடராக வெளியிட்டுவந்த தமிழ்ச் சஞ்சிகையின் ஆசிரியர் என்னை அழைத்தார்.

"தங்கச்சி, அவ செய்தது பிழை எண்டு ஒரு வரி சேர்த்துவிடுங்கோ. இல்லாட்டி நாளைக்கு உங்களோட ஆர் கதைப்பினம்?"

எங்கள் ஊரிலும் சண்டை நடந்துகொண்டிருந்தது; பிள்ளையைப் படைக்குக் கொடுக்காதவளை எங்கள் ஆட்களும் துரோகி என்பார்கள். பயந்தேன். சேர்த்தேன்.

அன்று வாசித்து முடித்ததும் மதாமின் விரல் நின்றது. "ஒன்று கூடுகிறது. யார் அந்த விருந்தாளி?"

ஒப்புக்கொண்டேன். அவர் ஏசவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. 'முடியாது' என்பதை நாங்கள் எப்படிச் சொல்வோம் என்று கேட்டார். ஆசிரியருக்குத் தானே தொலைபேசி எடுத்து, "ஏலாது! ஏலாது!" என்றுவிட்டு வைத்தார். அத்தோடு தொடர் நின்றது.

முப்பத்தோராம் நாளுக்கு நம் வழக்கப்படி கல்வெட்டு என்னும் நினைவு நூல் அச்சிடப்போகிறேன் என்றதும் என் கணவர் தலையில் கைவைத்தார்.

"விசரே உமக்கு? கடவுளே இல்லை எண்ட மனுசிக்கு நினைவு மலரோ? தேவாரத்துக்கு என்ன செய்வீர்?"

"அந்த இடத்தில ஐந்தாம் அத்தியாயம். முழுசா."

"மொழிபெயர்த்தது ஆர் எண்டு போடுவீர்?"

"என்ர பேர்தான்."

இந்தக் கல்வெட்டின் அடுத்த பக்கத்தில் அந்தத் தாய் இருக்கிறாள். அவளைப் பிழை சொல்லும் வரி இல்லை. இந்தப் பிரதிகளை மகனின் தள்ளுவண்டியில் ஏற்றி, டூட்டிங் தமிழ்க் கடைகளுக்கு நானே கொண்டுபோவேன். அவன் சிணுங்கிக்கொண்டு பக்கத்தில் நடந்து வருவான். கதைக்காதவர்கள் கதைக்காமல் போகட்டும்.

அமைதியாக உறங்குங்கள் என்று எழுதினால் சண்டைக்கு வருவீர்கள். போய் வாருங்கள், மதாம்.