சாமைக்காட்டு வரப்பில் கழற்றிய செருப்புகள்

நான் பொய் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டு ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போடவில்லை. அந்தத் தாள் இன்னும் என் பெட்டியில், பி.எஸ்ஸி. சான்றிதழுக்கு மேலே கிடக்கிறது. வேண்டுமென்றேதான் மேலே வைத்திருக்கிறேன். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் ஒரு தடவை கோபம் வரட்டும் என்றுதான்.

எங்கள் ஊர் கொல்லிமலையில், குண்டனி நாட்டில் இருக்கிறது. கீழே போய் விலங்கியல் படித்தேன். வேலை கிடைக்கவில்லை. திரும்பி வந்து மிளகு பறித்துக்கொண்டிருந்தபோது ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். மலைப் பெண்களின் உடம்பில் ரத்தம் ஏன் இவ்வளவு கம்மியாக இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு, பதிலை டேப் என்கிற கைக்கணினியில் பதிவதற்கு உள்ளூரில் படித்த பெண் ஒருத்தி தேவைப்பட்டாள். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். அந்த வேலைக்கு அது தோதாகத்தான் இருந்தது.

முதலில் ரத்தம் எடுத்தார்கள். பிறகு மலம் வேண்டும் என்று மூடி போட்ட சின்ன டப்பாக்களைக் கொடுத்தார்கள். அங்கே ஆரம்பித்தது கூத்து. எங்கள் ஊரில் ஒருவர் கொடுத்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தர மாட்டோம். ஒரு பிடி அவரைக்கொட்டையாவது போட்டுத்தான் கொடுப்போம். மறுநாள் காலையில் டப்பாக்களை வாங்கப் போனேன். அன்றைக்கு மலம் 'வராத' பெண்களுக்கு வெறும் டப்பாவை நீட்டக் கூச்சம். ஒருத்தி மிளகு நிரப்பி வைத்திருந்தாள். இன்னொருத்தி தேன் ஊற்றிக் கொடுத்திருந்தாள், அதை நான் திறந்து பார்க்கவில்லை. அது ஐஸ் பெட்டியில் ஏறிக் கீழே ஆய்வகத்துக்கே போய்விட்டது. அங்கே அதைத் திறந்தவரின் முகத்தைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

முடிவு வந்தது. கொக்கிப்புழு. ஈர மண்ணில் இருக்கும், வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறும், குடலில் தொங்கிக்கொண்டு ரத்தம் குடிக்கும். கல்லூரியில் இந்தப் புழுவின் வாழ்க்கைச் சுழற்சியைப் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியவள் நான். என் ரத்தமும் கம்மிதான் என்று அவர்கள் சொன்னபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என் அத்தையின் ரத்தம் இன்னும் மோசம். என் அப்பாவின் அக்கா அவர். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி மூட்டையைத் தூக்கும்போது கண் இருட்டி இரண்டு தடவை விழுந்திருக்கிறார். மூட்டை கனம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஆளுக்கொரு ஜோடி நீலச் செருப்பு கொடுத்தார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். சில மாதம் கழித்து மறுபடியும் கேள்விப் பட்டியல் வந்தது. காட்டு வேலைக்குச் செருப்புப் போட்டுப் போகிறீர்களா? இல்லையென்றால் ஏன்? அதற்குக் கீழே மூன்று கட்டங்கள். அறியாமை, வசதியின்மை, மறதி. ஏதாவது ஒன்றில் டிக் போட வேண்டும்.

எங்கள் ஊரில் சாமை விதைத்த நாளிலிருந்து கதிர் வீடு வந்து சேரும் வரைக்கும் சாமைக்காட்டுக்குள் செருப்புப் படாது. குச்சிக்கிழங்குக் காட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அது ஜவ்வரிசி மில்லுக்குப் போகிற கிழங்கு, செருப்போடு இறங்கலாம். சாமைக்காடு அப்படியில்லை. அத்தையிடம் கேள்வியைப் படித்தபோது அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சோத்து மேல செருப்போட நிப்பியா கண்ணு? இதெல்லாம் ஒரு கேள்வியின்னு கேட்டுட்டு வார."

வீட்டுக்கு வீடு இதே பதில்தான். இதை எந்தக் கட்டத்தில் அடைப்பது? பக்கத்தின் அடியில் 'குறிப்பு' என்று ஒரு வரி காலியாக இருந்தது. மூன்று கட்டங்களையும் விட்டுவிட்டு ஒவ்வொரு பெண்ணுக்கும் அதில் எழுதினேன்: "தெரியும். செருப்பு இருக்கிறது. மறக்கவில்லை. சாமைக்காட்டில் போட மாட்டார்."

பத்து நாளில், ஆராய்ச்சியை நடத்தும் பேராசிரியர் கூப்பிட்டனுப்பினார். பஸ்ஸில் எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போனேன். அவர் நல்ல மனுஷர்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, இத்தனை பேரும் ஒரே பதிலை, ஒரே வார்த்தையில சொன்னாங்களா? மரத்தடியில உக்காந்து நீங்களே போட்டுட்டீங்களோன்னு இங்க எல்லாரும் கேக்கிறாங்க."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "ஒரே ஊரு, ஒரே வழக்கம். பதில் மட்டும் எப்படிங்க சார் வேற வேறயா இருக்கும்?" என்றேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். காரணம் அறியாமை என்று அறிக்கை போனால் விழிப்புணர்வுக் கூட்டங்கள் நடக்கும், சுவரொட்டி வரும், குறும்படம் போடுவார்கள். நான் கேட்டேன். புழு சுவரொட்டியைப் படிக்குமா? எங்களுக்கு வேண்டியது விதைப்புக்கு முன்னால் ஒரு தடவை, அறுப்பு முடிந்து ஒரு தடவை மாத்திரை. கக்கூஸுக்குத் தண்ணீர். தண்ணீர் வராததால் அதில் விறகு அடுக்கி வைத்திருக்கிறோம், வெளியில்தான் ஒதுங்குகிறோம், புழு மண்ணுக்குப் போவது அப்படித்தான். பெண்கள் செருப்பைக் கழற்றத்தான் போகிறார்கள் என்று ஒத்துக்கொண்டால்தான் இதையெல்லாம் யோசிப்பீர்கள். அறியாமை என்று எழுதிவிட்டால் பாட்டுப் பாடிவிட்டுப் போய்விடுவீர்கள். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். டீ ஆறிப்போனது.

"சரி, சரிபார்த்துருவோம்," என்றார் அவர்.

டாக்டருக்குப் படிக்கும் இரண்டு பெண்களை அனுப்பினார்கள். நான் கூடப் போகக் கூடாது என்று உத்தரவு. எனக்கு ஒரு பயமும் இல்லை, இருப்பதைத்தானே சொல்லப் போகிறார்கள் என்று வீட்டிலேயே இருந்தேன். அந்தப் பெண்கள் வெயிலில் ஊரைச் சுற்றிவிட்டு, பலாச்சுளை சாப்பிட்டுவிட்டு, சிரித்த முகத்தோடு பஸ் ஏறினார்கள்.

அவர்கள் கொண்டுபோன பதில்களில் ஒன்றுகூட என்னுடையதோடு ஒத்துப்போகவில்லை. "மறந்துட்டேனுங்க." "இனிமே போட்டுக்கிறேனுங்க." "எங்களுக்கென்னங்க தெரியும், நீங்க சொன்னாச் சரிங்க." பேராசிரியர் போனில் படித்துக் காட்டினார். என் ஊர்க்காரிகளே என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டார்கள்.

நேராக அத்தை வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே கத்தினேன். "ஏனுங்க அத்தை, என்கிட்ட ஒண்ணு, அவங்ககிட்ட ஒண்ணா? என் பொழப்பே போச்சு."

அத்தைக்கு நான் ஏன் குதிக்கிறேன் என்றே புரியவில்லை. "அந்தப் புள்ளைங்க அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்குதுங்க. மூஞ்சியெல்லாம் வேர்த்துப் போச்சு. செருப்பு அவங்க குடுத்தது. குடுத்தவங்க மொகத்தப் பாத்து, உன்ற செருப்ப நாங்க காட்டுல போட மாட்டோம்னு எப்படிச் சொல்றது? மனசு நோகாதா? நீ நம்மூட்டுப் புள்ள. உங்கிட்டச் சொல்லலாம்."

நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். டப்பாவில் தேன் ஊற்றிய அதே கைகள்தான். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது, அவர்கள் கேட்கிற பதிலைக் கொடுத்தனுப்ப வேண்டும். யார்மேல் கோபப்படுவது? கோபம் மட்டும் போகவில்லை. அத்தையைத் திட்டிக்கொண்டே அவர் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்தேன். அவர் கை நகமெல்லாம் வெளுத்துப்போய் இருந்தது. மாத்திரை வராமல் போனால் இந்தக் கைக்கு என்ன ஆகும்?

பிறகுதான் அந்தத் தாள் வந்தது. "வீடுகளுக்கு நேரில் செல்லாமல் விடைகளைப் பதிவு செய்தேன்." கீழே என் பெயர், கையெழுத்துக்கு இடம். போட்டுவிட்டால் பிரச்சினை வேண்டாம், வேறு வேலை பார்த்துத் தருகிறோம் என்றார்கள். போடாவிட்டால் வேலையும் போகும், பெயரும் போகும். என் அம்மாகூட, "போட்டுத் தொலையேன் சாமி, ஒரு கையெழுத்துத்தானே" என்றாள்.

நான் பேராசிரியரைப் போனில் கூப்பிட்டேன். "கையெழுத்துப் போட மாட்டேனுங்க சார். நீங்க கேள்வி கேட்டா எங்க சனங்க உங்களுக்குப் பிடிச்ச பதிலத்தான் சொல்லும். அதனால யாரையும் ஒண்ணும் கேக்காதீங்க. அறுப்பன்னைக்கு வந்து நின்னு பாருங்க, போதும். அதுக்கப்புறம் பொய்யின்னு சொன்னீங்கன்னா ஒரு தாளென்ன, பத்துத் தாள்ல போடுறேன்."

அவர் எந்தத் தேதி என்று கேட்டார்.

மார்கழிப் பனியில் சாமை அறுப்பு ஆரம்பித்த காலையில் வந்தார். ஊரில் யாரிடமும் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் மனசு நோகக் கூடாதென்று எல்லோரும் செருப்போடு வரப்பிலேயே நின்றிருப்பார்கள், அந்த விஷயத்தில் என் சனங்களை நம்ப முடியாது. ஜீப்பிலிருந்து இறங்கி என் பின்னால் ஒற்றையடிப் பாதையில் நடந்து வந்தார். வரப்புக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

வரப்பு நெடுக நீலச் செருப்புகள். ஜோடி ஜோடியாக, காட்டைப் பார்த்தபடி. எல்லாம் அவர் கொடுத்தவை. சும்மா மூலையில் கிடந்த செருப்புகள் இல்லை, குதிகால் தேய்ந்து சேறு ஒட்டியவை. ஒன்றில் வார் அறுந்துபோய் ஊக்கு மாட்டியிருந்தது. காட்டுக்குள் பெண்கள் வெறுங்காலோடு குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் என்னுடையதைக் கழற்றிக் கடைசியில் வைத்தேன்.

அத்தை நிமிர்ந்து பார்த்தார். "வாங்க சாமி. உள்ள வாங்க. ஒரு கை அறுத்துப் பாருங்க."

பேராசிரியர் காட்டைப் பார்த்தார், செருப்புகளைப் பார்த்தார். பிறகு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். யாரும் கழற்றச் சொல்லவில்லை.

"கொஞ்சம் இருங்க சார்," என்றேன். பையிலிருந்து டேப்பை எடுத்து அந்தச் செருப்புக் கேள்விப் பக்கத்தைத் திறந்தேன். "மண்ணுல புழு இருக்குன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்க. அது தெரிஞ்சும் இப்ப ஷூவக் கழட்டுறீங்க. உங்களுக்கு எதுல டிக் போடட்டும்? அறியாமையா, வசதி இல்லையா, மறதியா?"

ஒரு கையில் ஷூவைப் பிடித்தபடி அவர் மூன்று கட்டங்களையும் படித்தார்.

"இந்த மூணுலயும் என் பதில் இல்லையேம்மா," என்றார்.

"அதைத்தாங்க சார் நான் ஊடு ஊடா எழுதுனேன்."

அவர் டேப்பை வாங்கினார். அடியில் இருந்த குறிப்பு வரியில் தானே எழுதினார். நான் எழுதியிருந்த அதே வார்த்தைகள்தான். அடுத்த விதைப்புக்கு முந்தின வாரம் மாத்திரை மலையேறி வந்தது, அத்தை என் கண் முன்னாலேயே விழுங்கினார். தண்ணீர்க் குழாய் இன்னும் வரவில்லை. மாதம் ஒரு தடவை பேராசிரியருக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.