அலை உடையும் இடத்தில் கொட்டிய மணல்: காமயகவுண்டன்பட்டியிலிருந்து கொல்லம் கரைக்கு ஒரு பயணம்

மகளைக் கூட்டிக்கொண்டு வரத்தான் போனேன். தனியாகத்தான் திரும்பி வந்தேன். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாசி மாதம் நடந்த பயணம் இது. கேரளக் கடற்கரையில் அலைச்சறுக்கு பார்க்கவோ பழகவோ நினைக்கும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கும், அவர்களை அனுப்பப் பயப்படும் அம்மாக்களுக்கும் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

என் மகள் முத்துவுக்கு வயது இருபத்தாறு. முல்லையாற்றில் நீந்திப் பழகியவள். கல்லூரி முடித்ததும் தோழிகளோடு வர்க்கலா போனாள், அங்கே பலகை மேல் நின்று அலையில் வருவதைப் பார்த்தாள், அவ்வளவுதான். இப்போது மூன்று வருடமாகக் கொல்லத்துக்கும் வர்க்கலாவுக்கும் நடுவே ஒரு சின்ன மீனவக் கரையில் சர்ஃபிங் கற்றுக்கொடுக்கிறாள். (கரையின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.) சொந்தக்காரர்கள் கேட்டால் நான் "நீச்சல் டீச்சர்" என்றுதான் சொல்லி வந்தேன். பலகை மேல் நிற்பதற்கு ஒரு டீச்சரா என்று சிரிப்பார்களே என்ற பயம்.

தை கடைசியில் ஒரு நாள் போனில் அழுதாள். "அலை போயிருச்சும்மா."

"கடல்ல அலை எப்பிடித்தா போகும்?"

கடல் கரையை அரித்து வீடுகளைத் தொடப் பார்த்ததால், எங்கிருந்தோ தூர்வாரிய மணலைக் கொண்டுவந்து கொட்டிக் கரையை அகலப்படுத்துகிறார்களாம். கொட்ட ஆரம்பித்த பிறகு அவர்களுடைய அலை எழும்பவே இல்லையாம். பழக வருகிறவர்களும் நின்றுவிட்டார்கள். பக்கத்தில் இருந்து கேட்ட வீட்டுக்காரர், "அலையே இல்லைன்னா அங்கன என்ன சோலி? நீ போயிக் கூட்டிட்டு வந்துரு. கவாத்து முடிஞ்சதும் வரன் பாத்துருவோம்" என்றார். திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டும் சமயம் அவர் நகர முடியாது. ஆகவே முதன்முறையாகக் குமுளியைத் தாண்டித் தனியாகப் புறப்பட்டேன்.

சனிக்கிழமை குச்சனூர் போய் சனீஸ்வரருக்கு எள் தீபம் ஏற்றினேன். "பிள்ளை மனசு நோகாமல் என்னோடு வந்துவிட வேண்டும்" என்று வேண்டிக்கொண்டேன். சாமி எதைக் கேட்டுக்கொண்டார், எதை விட்டார் என்பது கடைசியில் தெரியும்.

ஞாயிறு காலை 5.10க்கு எங்கள் ஊரில் டவுன் பஸ். கம்பம் 5 கிலோமீட்டர், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 5.45க்குக் குமுளி பஸ், 22 கிலோமீட்டர், 25 ரூபாய். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது கிழக்கே வெளிச்சம் வரும். இடது பக்கம் ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள். குமுளியில் 7.20க்குக் கோட்டயம் பஸ், 108 கிலோமீட்டர், 160 ரூபாய், நாலு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வளைவு அதிகம். வாந்தி வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், நிறையச் சாப்பிட்டும் ஏறாதீர்கள். இரண்டு இட்லிதான் கணக்கு. கோட்டயத்தில் 12.40க்கு ரயில், கொல்லம் வரை 97 கிலோமீட்டர், 55 ரூபாய். கொல்லத்திலிருந்து பஸ்ஸில் 17 கிலோமீட்டர் 20 ரூபாய், கடைசி 2 கிலோமீட்டருக்கு ஆட்டோ 60 ரூபாய். மொத்தம் 251 கிலோமீட்டர், 320 ரூபாய். நம் கம்பத்து வழியாகப் போகும் நெடுஞ்சாலையின் மறுமுனையே கொல்லம்தான் என்பது அங்கே போய்ப் பெயர்ப்பலகையைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடமாக என் மகள் எங்கள் ரோட்டின் அந்தக் கோடியில்தான் இருந்திருக்கிறாள்!

ஆட்டோக்காரர் என்னைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். "முத்து டீச்சர்டெ அம்மயோ?" என்று கேட்டார். முகச்சாடை காட்டிக்கொடுத்துவிட்டது போல. தன் மகளும் டீச்சரிடம்தான் படித்தாளாம், முன்பு தண்ணீரைக் கண்டாலே அலறுவாளாம். எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்தது. ஆனால் டீச்சரின் அம்மா என்பதற்காக அவர் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

இறங்கியபோது மணி 3.45. முத்து வேலை முடிந்து வர நேரமிருந்ததால் கரையில் நின்றேன். கடல் நீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அகலமான புது மணல், அதன் மேல் டிப்பர் லாரி போன தடம். மஞ்சள் தொப்பி போட்ட ஒருவர், "அம்மா தமிழா?" என்றார். மணல் கொட்டும் வேலையை மேற்பார்க்கிறவர், நாகர்கோவில் பக்கம். நாள் முழுக்க மலையாளம் கேட்டு வந்த காதுக்கு அந்தத் தமிழ் தேனாக இருந்தது. என் மகள் சொன்னதெல்லாம் அந்த நிமிடத்தில் மறந்தேபோனது. எங்கள் ஊரில் கண்மாய் வண்டலான கரம்பை மண்ணை அடித்த வயலைப் பார்த்தால் எப்படிச் சந்தோஷம் வருமோ, அதே சந்தோஷம்.

"நல்லாத்தான் கொட்டியிருக்கீக தம்பி. கரை எம்புட்டு அகலம்! இன்னும் நாலு லோடு சேத்துக் கொட்டுங்க, வீடுக தப்பிக்கும்" என்றேன். மகளுக்கென்று கொண்டுபோன மூன்று கிலோ பன்னீர் திராட்சையில் அரைக் கிலோவை அவர் கையில் கொடுத்துவிட்டும் வந்தேன். நான் செய்தது என்னவென்று மறுநாள்தான் தெரிந்தது.

திங்கள் காலை 6.15க்கு முத்து என்னைக் கடலருகே கூட்டிப்போனாள். அவள் வேலை பார்க்கும் சர்ஃபிங் பள்ளியை நடத்தும் அனிலும் கூட வந்தார். நாற்பது வயதிருக்கும், சிரித்த முகம், ஆனால் அன்றைக்குச் சிரிப்பு இல்லை.

"முன்னாடி அந்தா அங்கன ஒரு பாறைத் திட்டு இருந்துச்சும்மா. அலை அதுல முட்டித் தலையத் தூக்கும். பெறகு ஒரு ஓரத்துல உடைய ஆரம்பிச்சு, பாயச் சுருட்டுன மாதிரி அப்பிடியே தெக்க வரும். அந்தச் சுருட்டுக்கு முன்னாடி ஓடுறதுதான் சர்ஃபிங்கு. இப்பப் பாரு."

பார்த்தேன். கொட்டிய மணல் சரிந்து சரிந்து பாறையை மூடிவிட்டது. அலை எங்கும் உடையாமல் கரை வரைக்கும் வந்து, மொத்தமாகத் தொப்பென்று விழுந்தது. கரையும் செங்குத்தாக இருந்தது.

"இதுல பிள்ளைகள எப்பிடி நிப்பாட்ட? விழுந்தா கழுத்து ஒடிஞ்சிரும்."

மிச்சமுள்ள லோடுகளும் அதே இடத்தில்தான் விழப்போகின்றன, ஏனென்றால் லாரி வரும் ரோடு அங்கேதான் முடிகிறது. அதைப் பற்றிப் பேச அன்று மாலை 4 மணிக்கு வாசகசாலையில் ஊர்க்கூட்டம். அங்கேயே கொட்டினால் மழைக்காலம் முடிந்ததும் பள்ளியை மூட வேண்டியதுதான் என்றார் அனில்.

அவர் நகர்ந்ததும் நான் கேட்க வந்ததைக் கேட்டேன். முத்து என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்தாள். "சாயங்காலம் வரைக்கும் பொறும்மா. கூட்டத்துல தோத்துட்டா நானே பையக் கட்டுறேன்."

கூட்டத்துக்கு அறுபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். முன்வரிசையில் ஓர் அதிகாரி, பக்கத்தில் நம் மஞ்சள் தொப்பிக்காரர். முதலில் எழுந்தவர் ரோஸி என்ற மீன்கார அம்மா. கரையின் வடக்கே, படகு நிறுத்தும் இடத்தில் அவர் வீடு. வாசலுக்குக் கடல் வந்தபோது இந்தப் பலகைக்காரர்களில் ஒருவராவது ஒரு கூடை மண் கொண்டுவந்தாரா என்று மலையாளத்தில் கேட்டார். நியாயமான கேள்வி. முத்து எழுந்து, மணல் வேண்டாம் என்று தாங்கள் சொல்லவில்லை, இடத்தை மாற்றத்தான் கேட்கிறோம் என்றாள். அப்போதுதான் தொப்பிக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "டீச்சருக்குத்தான் பிடிக்கல. டீச்சரோட அம்மா நேத்து வந்து, இன்னும் நாலு லோடு சேத்துக் கொட்டுங்கன்னு திராட்சையும் தந்துட்டுப் போனாங்க!"

அதை ஒருவர் மலையாளத்தில் சொல்ல, கூட்டமே சிரித்தது. முத்து திரும்பி என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் நான் வரத் தாமதித்த நாளில் பார்த்த அதே பார்வை. முருகா என்று எழுந்துவிட்டேன். குமுளிச் சந்தையில் திராட்சை விற்றுப் பழகிய மலையாளம் கொஞ்சம் உண்டு, ஆனால் அந்த நேரத்தில் வாயில் வந்தது நம் தமிழ்தான்.

"தம்பி சொன்னது நெசம். நான்தான் சொன்னேன். கரையப் பாத்துச் சொன்னேன், தண்ணியப் பாக்கல. எங்கூர்லயும் வயலுக்குக் கரம்பை மண்ணு அடிப்போம். எங்க வீட்டுக்காரக ஒரு வருசம், டிராக்டர் உள்ள வரத் தோதா இருக்குன்னு ரெண்டு லோட மடைக்கு முன்னாடியே தட்டிட்டாக. மண்ணு நல்ல மண்ணுதான், குத்தம் சொல்ல முடியாது. ஆனா வாய்க்கா தண்ணி அதுல முட்டிப் பக்கத்து வயலுக்குள்ள ஏறி, அவுக நாத்து பூராப் போச்சு. மூணு மாசம் ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்த இல்ல. மண்ணு கொட்டுறவுக தண்ணி எங்கிட்டு இருந்து வருதுன்னு பாத்து, தலைமாட்டுல கொட்டணும். பெறகு தண்ணியே இழுத்துட்டுப் போயிப் பரப்பிரும். லாரிக்குத் தோதான எடம் தண்ணிக்குத் தோதான எடமா இருக்காது தம்பி."

நான் சொல்லச் சொல்ல முத்து வரிக்கு வரி மலையாளத்தில் சொன்னாள். முடித்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. தினமும் ஒரே தென்னை அடிக்கட்டையில் நின்று எடுத்த படங்களைப் போனில் காட்டினாள். மழைக்காலத்தில் மணல் வடக்கிலிருந்து தெற்கே நகர்வது அதில் மாதம் மாதமாகத் தெரிந்தது. வடக்கே படகுத்துறையில் கொட்டினால் முதலில் அந்த வீடுகளைக் காக்கும், பிறகு கடலே கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே கொண்டுவந்து சேர்க்கும் என்றாள். ஓர் அதிகாரி முன்னால், வேறொரு பாஷையில், என் மகள் தடுமாறாமல் பேசினாள். எங்கள் வாய்க்காலை அவள் மறக்கவே இல்லை என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது.

ரோஸியம்மா குறுக்கே கேட்டார், "எங்கள் வீட்டுக்கு முன்னாலா?"

"அதே, சேச்சி," ஆமாம் அக்கா என்றாள் முத்து.

"அப்போள் அங்ஙனெ ஆவட்டெ," அப்படியே ஆகட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். வடக்கே லாரி போக வழியில்லை என்று தொப்பிக்காரர் சொன்னதற்கும் ரோஸியம்மாவே பதில் சொன்னார்: படகுக் கொட்டகையைப் பிரித்து வழி விடுவார்களாம்.

மறுநாள் காலை 6.40க்கு, தண்ணீர் இறங்கிய நேரத்தில், அதிகாரி நேரில் வந்து பார்த்தார். எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் மதியத்துக்குள், மணல் கொட்டும் இடத்தைக் காட்ட நட்டிருந்த சிவப்புக் கொடிகள் வடக்கே மாறிவிட்டன. முதல் லாரி அங்கே மணலைக் கொட்டியதை நானே கண்ணால் பார்த்தேன். தொப்பிக்காரர் என்னிடம் வந்து, "உங்க திராட்சையையும் தின்னுட்டு உங்ககிட்டயே தோத்துட்டேன்மா" என்றார். பாவம், நல்ல மனுஷர். இன்னொரு கால் கிலோ கொடுத்தேன்.

"பையக் கட்டலையாத்தா?" என்று முத்துவிடம் கேட்டேன், சும்மா வம்புக்குத்தான்.

"ஜெயிக்கலம்மா. இழுத்துத்தான் பிடிச்சிருக்கோம். பாற வெளிய வருமா, வராதான்னு மழை முடிஞ்சாத்தான் தெரியும். அதுவரைக்கும் நான் இங்கன இருக்கணும்ல."

இரு என்று சொன்னது நான்தான். புதன்கிழமை தனியாகத் திரும்பினேன். நடந்ததைக் கேட்ட வீட்டுக்காரர், "கூட்டிட்டு வரச் சொன்னா, என் மானத்தக் கேரளா வரைக்கும் கொண்டு போயி வித்துட்டு வந்திருக்க" என்றார். கரம்பைக் கதையைத்தான் சொல்கிறார். ஆனாலும் வரன் பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். புதுசாக மணல் கொட்டிய கரையில் குளிக்க இறங்காதீர்கள். மணல் அகலமாக இருந்தாலும் தண்ணீருக்குள் சட்டென்று பள்ளம், அலை ஆளைத் தூக்கி அடிக்கும். பலகை பழக ஐப்பசிக்குப் பிறகு சித்திரை வரை நல்லது. அங்கே ஒரு வகுப்பு ஒன்றரை மணி நேரம், ஆயிரம் ரூபாய். நீங்கள் போகும் கரையில் இந்த வருடம் அலை நன்றாக இருக்கிறதா என்று முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள், ஏனென்றால் மணல் இடம் மாறினால் அலையும் மாறும். விரதம் இருப்பவர்கள் காலை புட்டு, கடலைக்கறி என்று சமாளிக்கலாம். மீன் வாடை இல்லாத கடை வேண்டுமென்றால் கோவில் பக்கம் போங்கள். அந்தக் கரை மக்கள் சர்ஃபிங் பார்க்க வருகிறவர்களுக்காக அங்கே இருக்கவில்லை. அவர்கள் வீடு முதலில், நம் அலை பிறகு. என் மகளுக்கு அது தெரிந்திருந்ததால்தான் அன்றைக்குப் பேச்சு எடுபட்டது.

ஐப்பசி இரண்டாவது வாரம் முத்து, தான் பலகையில் ஏறும் வீடியோ ஒன்று அனுப்பினாள். பாறையின் தலை மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. பழைய உயரம் இன்னும் வரவில்லை என்கிறாள், ஆனால் அலை உடைகிறது. அந்தச் சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு குச்சனூர் போனேன். ஆற்றங்கரையில் பார்த்த மயிலாடும்பாறைச் சொந்தக்காரி, "மதினி, முத்து என்ன பண்ணுது, இன்னும் நீச்சல் டீச்சர்தானா?" என்று கேட்டாள்.

"இல்ல மதினி. அலை மேல நிக்கச் சொல்லிக் குடுக்குறா" என்று போனை நீட்டினேன்.

கண்ணைச் சுருக்கிப் பார்த்தவள் பதறிவிட்டாள். "ஆத்தீ, விழுந்துட்டாளே!"

"அடுத்த அலையப் பாருங்க மதினி," என்றேன்.