அந்த அரை மணி நேரம் நான் சீட்டில் இல்லை

கருப்பையா போய்விட்டான். இன்று காலை கீரமங்கலத்தில், பூக்கொல்லையில் மல்லிகை பறித்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள்...

அவன் மனைவி செல்விதான் போன் செய்தது. "அண்ணே, அவுங்க போயிட்டாங்க. மொதல்ல ஒங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு." எனக்கு ஏன் முதலில் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் இருவரும் ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர்கள், ஒரே பேட்ச். அவனுக்குச் சொந்த ஊர் கீரமங்கலம், எனக்கு வல்லத்திராக்கோட்டை. ரேடார் திரையைப் பார்த்து, இறங்க வரும் விமானங்களை ஒன்றின் பின் ஒன்றாக வரிசைக்குக் கொண்டுவரும் வேலை. இரண்டுக்கும் நடுவில் ஐந்து மைலுக்குக் குறையக் கூடாது.

ஊரில் யாராவது கேட்டால் கருப்பையா இப்படித்தான் சொல்வான்: "பின்னாடி வர்ற பஸ்ஸுக்காரன் பிரேக்கப் போட்டு நின்னுக்குவான். அங்கிட்டு வானத்துல நிக்க முடியாது அப்பு. நாங்கதேன் பாத்து விடணும்."

அவன் கை வாட்ச் எப்போதும் எங்கள் தொழில் நேரத்தில்தான் ஓடும். உலகம் முழுக்க விமானங்களுக்கு ஒரே நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். லீவில் வந்தபோது கீரமங்கலம் டீக்கடையில் ஒருவர் மணி கேட்க, காலை பத்துக்கு இவன் "நாலரை" என்று சொல்லிவிட்டான். அவர் இவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ராத்திரி டூட்டியா தம்பி, போய்ப் படுங்க" என்றார்.

சிரித்தது போதும்.

எங்கள் பழைய அதிகாரி ஒரு அஞ்சலிப் பதிவு போட்டிருக்கிறார். "நேர்மையின் மறு உருவம்", "ஈடு செய்ய முடியாத இழப்பு"... கீழே நூறு பேர் கைகூப்பியிருக்கிறார்கள். அந்த நேர்மையைத் தூக்கி ரெக்கார்டு ரூமில் போட்டது யார், சார்?

அன்றைக்கு நல்ல மழை. வரவேண்டிய விமானங்கள் எல்லாம் மொத்தமாக வந்து குவிகின்றன. மதியம் பன்னிரண்டுக்கு சீட்டில் உட்கார்ந்தவன் கருப்பையா. இரண்டு மணி நேரத்துக்கு மேல் யாரும் அந்த சீட்டில் இருக்கக் கூடாது. இரண்டு மணிக்கு அவனை மாற்ற வேண்டிய ரிலீஃப் நான்.

நான் எங்கே இருந்தேன் தெரியுமா? வாசலில். மேலிடத்திலிருந்து ஒரு பெரியவர் வருகிறார், வரவேற்பில் ஆள் குறைவாகத் தெரியக் கூடாது என்று எங்களை இறக்கிவிட்டார்கள். பொன்னாடைத் தட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றேன். "சார், ரிலீஃப் டைம் ஆச்சு" என்றதற்கு, "கருப்பையா பாத்துக்குவாப்ல. நீ தட்டை நேராப் புடி" என்று பதில்.

இரண்டு ஐம்பதுக்கு, முன்னால் போன விமானம் எதிர்பார்த்ததைவிட முன்பே வேகத்தைக் குறைத்தது. பின்னால் வந்தது நெருங்கிவிட்டது. நாலு மைலுக்கும் கீழே. கருப்பையா பார்த்த உடனே பின்னதைத் திருப்பி மேலே ஏற்றிவிட்டான். உள்ளே இருந்த ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது. பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

சும்மா இருந்திருக்கலாம். இவன் அன்றைக்கே ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தான். "தவறை நீங்களே சொன்னால் தண்டனை இல்லை" என்று எங்கள் சுவரில் பெரிதாக ஒட்டியிருந்தது. அதை நம்பினான்.

"கவனித்தது தாமதம், என் தவறு" என்று எழுதினான். அடுத்த வரி, "ரிலீஃப் வரவில்லை." அந்த ஒரு வரியை எடுக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றான்.

பிறகு இதே அதிகாரி லாக் புக்கை என் முன்னால் தள்ளினார். இரண்டிலிருந்து இரண்டரை வரை நான் சீட்டில் இருந்ததாக, கருப்பையா ரெஸ்ட் எடுத்துவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்ததாக எழுது என்றார். பொண்ணு காலேஜ் சேரும் வருஷம், என்னைத் தூக்கி எங்கேயாவது அடிப்பார்கள் என்று பயம். எழுதினேன். கீழே என் இனிஷியல் போட்டேன்.

நான் எழுதிய அந்த ஒரு வரியால் கருப்பையா பொய்யன் ஆனான். ரேடாரிலிருந்து எடுத்தார்கள். இரண்டு வருஷம் பழைய ஃபைல்களுக்கு நம்பர் போட்டான், பிறகு விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டான்.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன். "வாடா மாப்ள, இங்கிட்டு நெழல்ல ஒக்காரு" என்றான். அந்த வாட்ச் கையிலேயே இருந்தது, அதே நேரத்தில். கிளம்பும்போது, பூக்கூடையிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டான்.

"சீட்டுல ஒக்காந்து நாம பேசுறதெல்லாம் டேப்பாகும்ல. அந்த அரை மணி நேரத்துல ஒன் கொரலு இருக்கான்னு ஒருத்தன்கூடப் போட்டுக் கேக்கலையே, ஏன் மாப்ள?"

பிறகு என் மனைவிக்கென்று ஒரு பொட்டலம் மல்லிகை கட்டிக் கொடுத்தான்.

டேப் எப்போதோ அழிந்திருக்கும். அதனால் இங்கே எழுதுகிறேன். லாக் புக்கில் என் பெயரில் இருக்கும் அந்த அரை மணி நேரம் பொய். கருப்பையா இரண்டு மணி ஐம்பது நிமிடம் எழாமல் உட்கார்ந்திருந்தான். ரிலீஃப் வரவில்லை என்று அவன் எழுதியது உண்மை.

ஸ்க்ரீன்ஷாட் எடுப்பவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். நான் இன்னும் சர்வீஸில்தான் இருக்கிறேன்.

சார், உங்கள் மலர்வளையத்தைக் கீரமங்கலத்துக்கு அனுப்பாதீர்கள். அங்கே பூவுக்குப் பஞ்சம் இல்லை.

எந்திரி கருப்பையா, போய் ரெஸ்ட் எடு. ரிலீஃப் வந்துட்டேன்டா... ரொம்ப லேட்டா.