‘லெப்ட்’ என்ற சொல்லை ஏன் கைவிட்டோம்

1. ஏற்றத்தில் ஒரு மோதல்

மின்சார மலைச்சைக்கிள் வாடகைத் தொழிலுக்கு வர நினைக்கும் இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது பேட்டரியைப் பற்றி. நான் முதலில் சொல்வது ஒரு மோதலைப் பற்றி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, செங்கல்பட்டுக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் இடையே உள்ள எங்கள் தடத்தின் ஏற்றத்தில் இருவர் மோதிக்கொண்டனர். முன்னால் சாதா சைக்கிளை மிதித்து ஏறிக்கொண்டிருந்தவர் குமரவேல். படாளத்தில் லாரிகள் வைத்துத் தொழில் நடத்துபவர். பின்னால் எங்கள் ஷெட்டின் இ-பைக்கில் வந்தவர் வசந்தா டீச்சர். செங்கல்பட்டில் ஒரு பள்ளியில் கணிதம் கற்பிப்பவர். முழங்கால் தேய்மானத்தால் சாதா சைக்கிளைக் கைவிட்டவர். டீச்சர் “லெப்ட்” என்று குரல் கொடுத்துவிட்டு இடப்பக்கமாக முந்த முயன்றார். அதே நேரத்தில் குமரவேலும் இடப்பக்கம் ஒதுங்கினார். கருங்கல்லின் மேல் விழுந்ததில் அவருடைய காறை எலும்பு முறிந்தது.

மருத்துவமனையில் டீச்சர் மன்னிப்புக் கேட்டபோது குமரவேல் கோபப்படவில்லை.

“இஸ்கூல்ல வாத்தியார் பேச்ச நான் கேட்டதே இல்ல டீச்சர். இன்னிக்கு மொத தபா கேட்டேன். லெப்ட்னீங்க, லெப்ட்ல போனேன். பாருங்க, கைய மடக்கிக் கட்டி வுட்டாங்க.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “சார், மோட்டர் வச்ச சைக்கிள் இனிமே அங்க வாணாம். இருக்கிற வண்டிய எடுத்துக்கினு வேற எடம் பாத்துக்கோ.”

அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது.

2. ஷெட்டும் தடமும்

எங்கள் தடம் மூடிப்போன ஒரு கல்குவாரியைச் சுற்றிச் செல்வது. அந்த நிலம் குமரவேலின் குடும்பத்துக்கு உரியது. சூரைப் புதர்களை வெட்டி, சரளை மண்ணை அணைத்து, மழைநீர் வழிய வாட்டம் கொடுத்து அந்தத் தடத்தை உருவாக்கியவர்கள் அவரும் அவருடைய நண்பர்களுமான சாதா சைக்கிள்காரர்கள்.

அடிவாரத்தில் ஷெட் போட்டு இ-பைக்குகளைக் கொண்டுவந்தவன் என் மகன். நான் பணிக்காலம் முழுவதும் அணுபுரத்தில் குடியிருந்து, அணுமின் நிலையக் கட்டுப்பாட்டு அறைக் கருவிகளோடு வேலை செய்தவன். ஓய்வுக்குப் பிறகு அவனுக்குச் சார்ஜர் வயரிங்கை மட்டும் செய்துகொடுத்தேன். ஷெட் தொடங்கிய மறு ஆண்டு ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் நடந்த ஒரு விபத்தில் அவன் இறந்தான். அதன் பிறகு ஷெட்டை நான் நடத்தி வருகிறேன். ஸ்பேனர்கள் அவன் ஆணி அடித்த வரிசையிலேயே இன்றும் தொங்குகின்றன. இந்தத் தடம் இல்லையெனில் அந்த ஷெட்டும் இல்லை. அதை வேறிடத்துக்கு மாற்றுவது பற்றி நான் யோசிக்கவில்லை.

3. பிழை எங்கே இருந்தது

மோட்டாரே குற்றவாளி என்று குமரவேலின் நண்பர்கள் கருதினர். அதில் பாதி உண்மை உண்டு. சாதா சைக்கிள்கள் மட்டும் ஓடிய காலத்தில் ஏற்றத்தில் யாரும் யாரையும் முந்துவதில்லை. எல்லோரும் ஒரே மூச்சு வாங்கலில் ஊர்ந்துகொண்டிருந்தனர். இ-பைக் வந்த பின், நடை வேகத்தில் ஏறுபவரின் முதுகுக்குப் பின்னால் அதைவிடப் பல மடங்கு வேகத்தில் இன்னொருவர் வந்து நிற்கிறார். மோட்டார் முழு விசையும் தரும் டர்போ மோடில் வந்தால் பின்சக்கரம் சரளையை வாரி இறைக்கும். தன் மூச்சுச் சத்தத்தில் முன்னால் போகிறவருக்கு மோட்டாரின் ஓசை கேட்பதில்லை.

மறுபாதி, அந்த ஒற்றைச் சொல்லில் இருந்தது. முந்துவோர் “லெப்ட்” என்று குரல் கொடுப்பது வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து எங்கள் ஓட்டுநர்களிடம் ஒட்டிக்கொண்ட பழக்கம். சாலையின் வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் அதற்கு, ‘உங்கள் இடப்பக்கமாக நான் கடக்கிறேன்’ என்று பொருள். குமரவேலோ ஆயுள் முழுவதும் லாரிகளோடு வாழ்ந்தவர். ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனர் “லெப்ட், லெப்ட்” என்று பின்பக்கத்தைத் தட்டினால் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடிப்பதே அவர் கற்ற தொழில். டீச்சர் சொன்னது தகவல். குமரவேல் காதில் விழுந்தது கட்டளை.

கட்டுப்பாட்டு அறையில் எங்களுக்கு முதலில் கற்பிக்கப்பட்ட வேறுபாடு இதுதான். என்ன நடக்கிறது என்று சொல்வது வேறு. என்ன செய் என்று சொல்வது வேறு. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்தினால், நல்ல பணியாளரே தவறான வால்வைத் திறப்பார்.

மணி பொருத்தலாம் என்று சிலர் யோசனை கூறினர். பொருத்திப் பார்த்தேன். நம் சாலைகளில் ஹாரனும் மணியும் ‘நகரு’ என்ற கட்டளையே. மணி கேட்டதும் ஒருவர் வலப்பக்கம் குதித்தார், அடுத்தவர் இடப்பக்கம் குதித்தார், மூன்றாமவர் தடத்தின் நடுவில் நின்று திரும்பிப் பார்த்தார்.

4. ஷெட்டில் ஒரு பேச்சு

கையைக் கழுத்தில் கட்டிய துணித் தூளியில் மாட்டியபடி குமரவேல் ஷெட்டுக்கு வந்தார். வண்டிகளை நான் எப்போது எடுக்கப்போகிறேன் என்று கேட்கத்தான் வந்தார். டீச்சரும் வந்திருந்தார். நான் மேலே எழுதியதையெல்லாம் விளக்கினேன். குமரவேல் பொறுமையாகக் கேட்டார்.

“செரி சார். தப்பு அந்த வார்த்த மேலன்னே வச்சுக்குவோம். அதுக்குப் பதிலா இன்னா சொல்லுவ?”

‘ஓரம்’ என்பது கட்டளை. ‘சைடு’ என்பதும் கட்டளை. டீச்சர்தான் யோசித்தபடி சொன்னார்.

“நான் பின்னாடி வர்றேன். அதைத்தானே சொல்லணும்? வரேன்னு சொன்னா போதாதா?”

குமரவேல் சிரித்துவிட்டார். “வரேன்றது வூட்ட வுட்டுக் கெளம்பறப்ப சொல்றது டீச்சர். வரேன்னா போறேன்னு அர்த்தம்.”

“ரெண்டும்தான். உங்க பின்னாடி வந்து, உங்களைத் தாண்டிப் போறேன்.”

சோதித்துப் பார்க்கலாம் என்றார் குமரவேல். முன்னால் அவர் நடப்பார். பின்னால் நான் இ-பைக்கில் வரவேண்டும். அவருடைய கால் தானாக ஒதுங்கினால், வண்டிகள் அன்றே வெளியேற வேண்டும்.

5. சோதனை

மோட்டார் குறைவாக உதவும் எக்கோ மோடில் ஏறினேன். அவருடைய முதுகு நெருங்கியது. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் பிரேக் பிடித்து நின்றேன். என் மகன் விபத்தன்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாசலில் சொன்னதும் அந்தச் சொல்தான். வீட்டைவிட்டுக் கிளம்பும் எவரும் சொல்வது அது. அதில் தனிச்சிறப்பு எதுவும் இல்லை.

குமரவேல் திரும்பிப் பார்த்தார். “இன்னா சார், பேட்டரி பூட்ச்சா?”

“பேட்டரி இருக்கு. கீழ போயிட்டு மறுபடி வரேன்.”

கீழே நின்றிருந்த டீச்சர் சொன்னார்: “இப்ப சொன்னீங்களே சார். அதேதான்.”

இரண்டாம் முறை ஏறினேன். சற்றுத் தொலைவிலேயே வேகத்தைக் குறைத்து, “வரேன்” என்றேன். குமரவேல் ஒதுங்கவில்லை, திரும்பவும் இல்லை. தன் நடைக்கோட்டிலேயே சென்று, தடம் அகலும் இடம் வந்ததும் நல்ல கையை உயர்த்தி, “வா சார்” என்றார். நான் கடந்தேன்.

மேலே வந்து சேர்ந்ததும் அவர் சொன்னது இவ்வளவுதான்: “இந்த ‘வா’வ நான் சொல்ற வரைக்கும் உன் வண்டி தாண்டக் கூடாது. அத எல்லார்க்கும் சொல்லிக் குடு. வண்டி இருக்கட்டும்.”

6. தொழிலுக்கு வருவோருக்கு

இன்று அந்தத் தடத்தில் இரு வகை வண்டிகளும் ஓடுகின்றன. எலும்பு கூடிய பின் குமரவேலும் ஓட்ட வந்துவிட்டார். இ-பைக்கைக் கையில் கொடுக்கும்போது பேட்டரிக்கு முன்பாக இதைக் கற்றுக்கொடுக்கிறோம்: நெருங்கும் முன் எக்கோவுக்கு இறங்குங்கள்; ‘வரேன்’ என்று சொல்லுங்கள்; முன்னால் போகிறவர் ‘வாங்க’ என்று சொல்லும் வரை, எவ்வளவு நேரமானாலும், அவர் பின்னாலேயே செல்லுங்கள். மோட்டார் கொடுக்கும் வேகத்தை எப்போது பயன்படுத்துவது என்று முடிவுசெய்ய வேண்டியவர், மோட்டார் இல்லாமல் முன்னால் செல்பவர். நான் கற்ற பாடம் இது.

மாலையில் ஓட்டுநர்கள் ஹெல்மெட்டை ஷெட் ஆணியில் மாட்டிவிட்டு, “வரேன் சார்” என்று சொல்லிக் கிளம்புகிறார்கள். முன்பெல்லாம் தலையை மட்டும் அசைப்பேன். இப்போது அவர்கள் காதில் விழும்படி “வாங்க” என்கிறேன். அதைக் கேட்ட பிறகே அவர்கள் கிளம்புகிறார்கள்.